ஐஸுக்குக் கீழ மீன், ஐஸுக்கு மேல மீன்

டொரண்டோவுல இருக்கற என் சித்தப்பா பையன் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். சிம்கோ ஏரி. டொரண்டோவுக்கு வடக்கால கார்ல ஒரு மணி நேரத்துல போயிடலாமாம். ஏரி மொத்தமும் உறைஞ்சு கெட்டியா கெடக்குது. இவன் பஞ்சு மூட்டை மாதிரி உடுத்திக்கிட்டு, கைல துளை போடற மிஷின வெச்சு ஐஸ்ல ஓட்டை போட்டு, ஒரு முழம்கூட இல்லாத தூண்டில உள்ள விட்டுட்டு ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கான். அரை மணி நேரம் கழிச்சு ஒரு சாண் மீனு ஒண்ணு வருது. மஞ்சளா, உடம்புல பட்டை பட்டையா கோடு போட்டது. "இன்னாண்ணா, நம்ம ஏரி ரொம்பிச்சா? மீன் ஆடுதா?"ன்னு கடைசில ஒரு கேள்வி வேற.

நானும் சிரிச்சுட்டு, "உங்க ஊர்ல ஐஸுக்குக் கீழ மீன் இருக்குது, எங்க ஊர்ல தெர்மாகோல் பொட்டில ஐஸுக்கு மேல மீன் இருக்குது, அவ்ளோதான் வித்தியாசம்"னு பதில் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அவன் போன்ல சொன்ன விஷயத்துக்கு அப்புறம் அந்த ஜோக் எனக்கே கசக்க ஆரம்பிச்சுடுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் காட்டம். பொறுத்துக்குங்க.

அவன் சொன்னது இதுதான். பத்து சென்டிமீட்டராவது கெட்டி ஐஸ் இருந்தாத்தான் மேல கால் வெக்கணும்னு அங்க சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியுமாம். ஐஸ் மேல குடிசை போடணும்னா நம்பர் வாங்கி, தூரத்துல இருந்து தெரியற மாதிரி பெருசா எழுதணும். குறிச்ச தேதிக்குள்ள பிரிச்சு எடுத்துட்டுப் போயிடணும், இல்லன்னா அபராதம். சரி, வெள்ளைக்காரன் ஊரு, எல்லாத்துக்கும் சட்டம் வெச்சிருப்பான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் சொன்னான், ஒண்டாரியோ அரசாங்கம் மீன் சாப்பிடறதுக்குன்னே ஒரு கையேடு போடுதாம். ஏரி ஏரியா போட்டிருக்கும். இந்த ஏரில, இந்த மீனு, இத்தன சென்டிமீட்டர் நீளத்துக்குள்ள இருந்தா மாசத்துக்கு இத்தன வேளை சாப்பிடலாம். அதுக்கு மேல நீளம்னா இத்தன வேளைதான். சில எடத்துல பூஜ்யம்னே போட்டிருக்கும். அதாவது தொடாதே. புள்ள பெக்கற வயசுல இருக்கற பொம்பளைங்களுக்கும் 15 வயசுக்குக் கீழ இருக்கற பசங்களுக்கும் தனிக் கணக்கு. காசு கெடையாது, யாரு வேணும்னாலும் பாத்துக்கலாம்.

"நீ பாத்துட்டுத்தான் சாப்பிடறியா?"

"நான் எங்க பாக்கறேன். பாப்பாவுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அவங்கம்மா பாப்பா."

இந்த ஒரு வரிதான் என்னை உறுத்துது. அவங்கம்மா பாப்பா. பாக்கறதுக்கு ஒண்ணு இருக்குது, அதனால பாக்கறா.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். கணியம்பாடி தெரியாதவங்களுக்கு: வேலூர்ல இருந்து தெக்கால, திருவண்ணாமலை போற ரோட்டுல இருக்கற ஊரு. மேக்கால ஜவ்வாது மலை. அமிர்தி காட்டுல இருந்து எறங்கற தண்ணி நாகநதியா ஓடி, கமண்டல நதியோட சேந்து, செய்யாறு வழியா கடைசில பாலாத்துக்குப் போவுது. அந்த நாகநதியும் பல வருசம் வெறும் மணலா கெடந்ததுதான். எங்க பக்கத்துப் பொம்பளைங்க நூறு நாள் வேலைல உறைகெணறு எறக்கி, தடுப்பு கட்டி அதுக்கு உயிர் குடுத்தாங்க. 2021 செப்டம்பர்ல பிரதமர் ரேடியோவுல அதைப் பத்திப் பேசுனாரு. மழை பேஞ்சா எங்க பக்கத்து ஏரிங்க ஐப்பசி, கார்த்திகைல ரொம்பும். நல்ல வருசம்னா கோடி போவும். கோடி போற அன்னிக்கு ஊரே அங்கதான். தண்ணிய எதுத்து மீனு துள்ளி ஏறும். கொசுவலை, பழைய சேலை, தலைல கட்டுன துண்டு, எது கெடைக்குதோ அதை விரிச்சு அள்ளுவாங்க. 2021 நவம்பர்ல பாலாத்துலயே வெள்ளம் ரெண்டு கரையும் தொட்டுப் போனப்ப வேலூர்க்காரங்க பாலத்து மேல நின்னு வாய் பொளந்து பாத்தது ஞாபகம் இருக்கும்.

மார்கழி வந்தா கதை வேற. பனி கட்டிக்கிட்டு கரை தெரியாது. விடியக்காலைல தண்ணி சில்லுனு இருக்கும். மீனுக்குத் தனியா உடம்புச் சூடு கெடையாது, தண்ணி என்ன சூடோ அதுதான் அதுக்கும். அதனால கட்லாவும் ரோகுவும் அடிக்குப் போயிடும், தீனி எடுக்காது. வெயில் ஏறி ஒம்பது பத்து மணி ஆவற வரைக்கும் தூண்டில் போட்டுட்டு பீடி குடிக்க வேண்டியதுதான். மூட்டம் போட்டு ரெண்டு மூணு நாள் வெயிலே வரலன்னா தண்ணில பிராணவாயு கொறைஞ்சு, விடியற நேரத்துல மீனெல்லாம் மேல வந்து வாய வாயத் தெறக்கும். வெவரம் தெரியாதவன் "ஆகா, இன்னிக்கு மீன் ஆடுது"ம்பான். அது ஆடலப்பா, மூச்சு முட்டுது.

இன்னொண்ணு. மார்கழி, தைலதான் விரால்ல செவப்பா புண்ணு வரும். குறவை, கெண்டை எல்லாத்துலயும் வரும், ஆனா விரால்ல பாத்தா வயித்தக் கலக்கும். சதை அழுவித் தலை எலும்பு தெரியற அளவுக்குப் போவும். 1988-ல இந்தியாவுக்குள்ள நுழைஞ்ச ஒரு வியாதி. பூஞ்சை மாதிரியான ஒரு கிருமி, தண்ணி குளுந்தா அதுக்குக் கொண்டாட்டம். மழைக்காலம் முடிஞ்சு குளிர் ஆரம்பிக்கறப்ப வந்து, வெயில் ஏறுனதும் கொறைஞ்சு போயிடும். பண்ணை வெச்சிருக்கறவங்க சுண்ணாம்பு போட்டு சமாளிப்பாங்க.

இதை ஏன் இவ்ளோ விளக்கறேன்னா, புண்ணு வந்த மீன் கரை ஒதுங்குச்சுன்னா நம்ம ஆளுங்க உடனே என்ன சொல்லுவாங்க? "தோல் ஷாப் தண்ணி." அவ்ளோதான், தீர்ப்பு முடிஞ்சுது. எங்க ஏரிக்கும் தோல் ஷாப்புக்கும் சம்பந்தமே கெடையாது, பாலாத்துத் தண்ணி எங்க ஊருக்கு ஏறி வராது, மலைத் தண்ணிதான் வருது. ஆனாலும் அதே தீர்ப்பு. அதே ஆளு சாயங்காலம் வேலூர் மார்க்கெட்ல போயி, பளபளன்னு செதிலு மின்ற கட்லாவ, எந்த ஏரின்னு ஒரு வார்த்தை கேக்காம, ரெண்டு கிலோ வெட்டி வாங்கிட்டு வருவாரு. அது பாலாத்தங்கரை ஏரில புடிச்சதா இருந்தா? ரசாயனம் செதிலு மேல எழுதி வெச்சிருக்குமா? கிருமி வந்த மீனைப் பாத்து ரசாயனம்ங்கறோம், ரசாயனம் இருக்கக்கூடிய மீனைப் பாத்து ஃப்ரெஷ்ஷுங்கறோம். கண்ண வெச்சுக் கண்டுபுடிக்கற விஷயமே இல்ல இது. சோதிச்சுத்தான் சொல்ல முடியும்.

இங்கதான் எனக்கு ரெண்டு பக்கமும் சண்டை.

முதல் பக்கம், "ஏரி மீனுன்னா இயற்கை, ஆந்திரா மீனுன்னா விஷம்"னு எழுதித் தள்ளற அண்ணன்மாருங்க. உங்க மண்வாசனைக்கு ஒரு கும்பிடு. ஆனா எந்த ஏரியச் சொல்றீங்க? தாத்தா காலத்து ஏரில அயிரை, ஆரால், உளுவை, குறவை எல்லாம் இருந்துச்சு, சரி. இன்னிக்கு ஏரி ஏலத்துக்குப் போவுது. குத்தகை எடுத்தவர் குஞ்சு வாங்கி விடறாரு, போட்ட காசை எடுக்கணும்னு கோழிக் கழிவக் கொட்டறவங்களும் இருக்காங்க. 2000-லயே தடை பண்ணுன ஆப்பிரிக்கக் கெளுத்திய இன்னும் தமிழ்நாடு முழுக்க அங்கங்க குட்டை குட்டையா அழிச்சுக்கிட்டு இருக்காங்கன்னா என்ன அர்த்தம், வளக்கறவன் இன்னும் வளக்கறான்னுதான அர்த்தம். அதுவும் ஜிலேபியும் மட்டும் நெறைய வர்ற ஏரியப் பாத்தா நான் சந்தேகப்படுவேன். ரெண்டும் உப்புத் தண்ணி, கெட்ட தண்ணி, காத்தில்லாத தண்ணி எல்லாத்தையும் தாங்கும். மத்ததெல்லாம் செத்த எடத்துலயும் அதுங்க இருக்கும். "எங்க ஏரில மீனுக்குக் கொறையே இல்ல"ன்னு பெருமைப்படறதுக்கு முன்னாடி எந்த மீனுன்னு எண்ணிப் பாருங்க சாமி.

ரெண்டாவது பக்கம், "செருப்பு போடாம நடப்பியா?" கோஷ்டி. இவங்களுக்குப் பதில் சொல்றது கஷ்டம், ஏன்னா பாதி நியாயம் அவங்க பக்கம் இருக்குது. எங்க தெருவுலயே காலைல ஷூ கம்பெனி பஸ்ஸுக்குப் பொண்ணுங்க டிபன் பாக்ஸோட ஓடுதுங்க. அந்தச் சம்பளத்துல எத்தன வூட்டுல அடுப்பெரியுதுன்னு எனக்குத் தெரியும். நான் தொழிலை மூடச் சொல்லல. நான் கேக்கறது அதைவிட ரொம்பச் சின்ன விஷயம். மீனைச் சோதிச்சு முடிவ மதகுல எழுதி வைன்னு கேக்கறேன். இதுக்குப் போயி எதுக்குச் செருப்பக் கழட்டணும்?

ஒண்ணுமே தெரியாத எடமா இருந்தாலாவது வுட்டுடலாம். இந்தியாவுலயே சுற்றுச்சூழல் சட்டம் படிக்கற எவனும் மொதல்ல படிக்கற வழக்கு நம்ம ஊர் வழக்குதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்டது, 1996 ஆகஸ்ட் 28-ந்தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துச்சு. நீதிபதி குல்தீப் சிங். தோல் கழிவால 35,000 ஹெக்டேர் வெள்ளாமை நிலம் பாதியாவோ முழுசாவோ பாழாப் போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே இருக்குது. தொழிற்சாலைக்குத் தலா பத்தாயிரம் அபராதம், பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்ட ஈடு கணக்குப் போட தனி ஆணையம். அது 2001-ல 29,000 குடும்பத்துக்கு மேல கணக்கெடுத்துச்சு. அதோட முடிஞ்சுதான்னா இல்ல. 2025 ஜனவரி 30-ந்தேதி அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும், பாக்கி நஷ்ட ஈட்டக் குடு, கெடுத்தவன் கிட்ட வசூல் பண்ணு, மேற்பார்வைக்கு ஒரு குழு போடுன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. நடுவுல 28 வருசத்துக்கு மேல. அந்த வருசம் பொறந்த புள்ளைக்கு இப்ப புள்ளை இருக்கும்.

அந்த 1996 தீர்ப்புல ஒரு கொள்கைய நம்ம நாட்டுச் சட்டமாவே ஆக்குனாங்க. முன்னெச்சரிக்கைக் கொள்கை. கெடுதல் வரும்னு நல்லா தோணுச்சுன்னா, அறிவியல் முழுசா நிரூபிக்கட்டும்னு காத்திருக்காத, இப்பவே தடு. அப்புறம் 'கெடுதல் இல்ல'ன்னு நிரூபிக்கற பொறுப்பு தொழில் நடத்தறவனுக்கு, சனங்களுக்கு இல்ல. எங்க ஊரு பேருல வந்த தீர்ப்பு. ஆனா எங்க ஊரு மீன் கடைல நிரூபிக்கற பொறுப்பு யாருக்கு? கொழம்பு வெக்கற பொம்பளைக்கு.

"சோதனை பண்றதெல்லாம் லேசுப்பட்ட காரியமா, பணக்கார நாட்டோட நம்மள ஒப்பிடாத"ன்னு ஒருத்தர் சொல்லுவாரு. சொல்லட்டும். மீன்ல ஈயம், காட்மியம், பாதரசம் எவ்ளோ வரைக்கும் இருக்கலாம்னு நம்ம உணவுப் பாதுகாப்பு விதில 2011-லயே வரம்பு போட்டாச்சு. 2018-ல கேரளாவுல ஃபார்மலின் மீனு புடிபட்டப்ப இங்க சென்னைலயும் மாதிரி எடுத்துச் சோதிச்சாங்களே, நாள் கணக்குலதான பண்ணாங்க? டிவில வந்துச்சு, நடந்துச்சு. கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஆலை 2001-ல மூடுனதுக்கு அப்புறம், கொடைக்கானல் ஏரித் தண்ணி, சேறு, மீனு மூணுலயும் பாதரசம் இருக்குன்னு அணுசக்தித் துறை விஞ்ஞானிங்க சோதிச்சு, 2006-ல கட்டுரையா வந்துச்சு. ஆக தமிழ்நாட்டு ஏரி மீனையும் சோதிக்க முடியும், சோதிச்சிருக்காங்க.

பாலாத்துப் பக்கமும் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்ல. எல்லாம் இங்கிலீஷ்ல, காசு கட்டிப் படிக்கற பத்திரிகைல. ஏரிக்கரைல வலை காயப் போடறவனுக்கு அதுல ஒரு வரி வந்து சேரல. எங்க வூட்டுல இருந்து பைக்ல அரை மணி நேரத்துக்குள்ள உலகத்துக்கே தெரிஞ்ச ஆஸ்பத்திரி ஒண்ணு, பெரிய பல்கலைக்கழகம் ஒண்ணு. சென்னை அடையாறுல தோலுக்குன்னே 1948-ல ஆரம்பிச்ச மத்திய ஆராய்ச்சி நிலையம். மீனுக்குன்னே தனிப் பல்கலைக்கழகம் 2012-ல இருந்து இருக்குது. ஆளு இல்லியா, மிஷின் இல்லியா?

இதுல உச்சக்கட்ட தமாஷ் என்னன்னா, எங்க கணியம்பாடி ஒன்றியம் மருத்துவ உலகத்துல ரொம்பப் பிரபலம். சி.எம்.சி.யோட சாட் ஆஸ்பத்திரிக்காரங்க பல பத்து வருசமா ஊரு ஊரா, வூடு வூடா வந்து யாரு முழுவாம இருக்கா, யாருக்குப் புள்ள பொறந்துது, யாரு எப்டி செத்தாங்கன்னு பதிவு பண்றாங்க. லான்செட் வரைக்கும் எங்க ஒன்றியத்துப் பேரு போயிருக்கு. ஒரு கொறையா சொல்லல, அந்தம்மாக்கள் வந்து பாத்ததால பொழைச்ச உசுரு எங்க குடும்பத்துலயே உண்டு. நான் சொல்றது, இங்க மனுசனை எண்ண முடிஞ்சுது. அந்த மனுசன் தின்ற மீனை எண்ண ஆளு வரல.

கொஞ்சம் விஷயம் தெரிஞ்சுக்கிட்டே சண்டை போடுவோம். தோல் பதப்படுத்தப் போடற க்ரோமியம் மூணாம் வகை. ராணிப்பேட்டைல 1990-கள்ல மூடிட்டுப் போன க்ரோமேட் கம்பெனி லட்சக்கணக்கான டன் வுட்டுட்டுப் போச்சே, அந்தக் குவியல்ல இருந்தது ஆறாம் வகை. ரெண்டாவதுதான் ரொம்ப மோசம், புத்துநோய் வரைக்கும் போவும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கத்துனா எதிராளி சுலபமா வாய அடைச்சுடுவான். அதே மாதிரி க்ரோமியம் பாதரசம் மாதிரி சதைல ஏறி, சின்ன மீனத் தின்ற பெரிய மீனுக்கு இன்னும் ஜாஸ்தியாவறது இல்ல. செவுளு, ஈரல், கிட்னி இதுங்கள்லதான் அதிகம் சேரும். ஆக செவுளையும் கொடலையும் சுத்தமா எடுக்கணும்னு நம்ம ஆயாக்கள் சொன்னது சரி. ஆனா பாதரசம் இருந்தா அது சதைலயே இருக்கும், அரிவாமனையால ஒண்ணும் பண்ண முடியாது. சேத்தக் கிளறித் தின்ற மிர்கால், கெளுத்திக்கு ஒரு கணக்கு, மேல் தண்ணில மேயற கட்லாவுக்கு ஒரு கணக்கு. இதையெல்லாம் பிரிச்சுச் சொல்றதுக்குத்தான் அந்தக் கனடாக் கையேடு மாதிரி ஒண்ணு வேணும்ங்கறேன். "எல்லா மீனும் விஷம்"னு பீதி கெளப்பறதுக்கு இல்ல. ஒருவேளை எங்க ஏரி மீனு தங்கமா இருக்கலாம். அப்ப அந்த மீன் விக்கற அம்மாவுக்கு அந்தச் சர்டிபிகேட் லாபம்தான? மலைத் தண்ணி மீனுன்னு கூவி கிலோவுக்கு முப்பது ரூபா ஏத்தி விக்கலாம்.

போன ஞாயித்துக்கெழம மார்க்கெட்ல கேட்டே பாத்தேன். "இது எந்த ஏரி மீனும்மா?"

அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. "தண்ணி இருக்கற ஏரி மீனு. வாங்கறியா இல்லியா நைனா?"

வாங்குனேன். முக்கா கிலோ ரோகு. வெக்கமாத்தான் இருக்குது சொல்ல.

மறுநாள் ஒரு மனு எழுதுனேன். தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு. மூணே கேள்வி. இந்த மாவட்டத்து ஏரிகள்ல கடைசியா எந்த வருசம் மீன் மாதிரி எடுத்து உலோகத்துக்குச் சோதிச்சீங்க? எந்தெந்த ஏரி? முடிவோட நகல் குடுங்க. மீனு ஒரு துறை, ஏரி ஒரு துறை, தண்ணி அசுத்தம் இன்னொரு துறை, தின்ற சாப்பாடு வேற ஒரு துறைங்கறதால நாலு காப்பி எடுத்து நாலு எடத்துக்கும் பதிவுத் தபால்ல போட்டிருக்கேன். சட்டப்படி முப்பது நாளு. ஒருத்தர் இன்னொருத்தருக்குத் தள்ளி விடுவாருன்னு தெரியும், அதான் நாலு.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைல இருக்கற பதிவர்ங்க இதே மூணு கேள்விய அப்டியே காப்பியடிச்சு உங்க ஊரு ஏரிப் பேரைப் போட்டு அனுப்புங்க. 2019-ல மாவட்டத்த மூணாப் பிரிச்சுட்டதால என் மனு உங்க ஏரிக்குச் செல்லாது. பதில் வந்தா வந்தபடியே, வரலன்னா வரலன்னு, இங்க போடறேன். நீங்களும் போடுங்க.

டிஸ்கி: "மீனே சாப்பிடாத, பிரச்சனையே இல்ல"ன்னு பின்னூட்டம் போட வர்ற சைவ நண்பர்களே, அந்த ஏரித் தண்ணிலதான் உங்க கத்திரிக்காவும் வெளையுது :-)